இட்லித் தட்டு ஏரியல்

வட சென்னையில் ரேடியோவுக்கு மிக விசுவாசமான நேயர் யார் என்று ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தால், முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடலாம். கல்மண்டபத்தில் எங்கள் தெருவில் குடியிருந்த ஏரியல்தான் அந்த ஆள். ஆனால் அவர் எந்த நிலையத்துக்கு விசுவாசி என்ற இரண்டாவது கேள்விக்கு அதே கமிஷன் மூன்று முறை கால நீட்டிப்பு கேட்டிருக்கும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் என்ற முறையில் அது எனக்குத் தெரியும். தெருவில் அதற்குப் புழக்கம் இல்லை. காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் மெக்கானிக். நாள் முழுக்க கம்ப்ரஸர் பக்கத்திலேயே நிற்கும் வேலை. அங்கிருந்து வெளியே வரும் காது, வீணை கேட்டால் கொசு என்று நினைக்கும். அவருக்கு ராக் மட்டும்தான் இசையாகக் கேட்டது.

எங்கள் பக்கத்தில் இரண்டு சின்ன வானொலிகள் உண்டு. காற்று நல்ல மனநிலையில் இருந்தால் பத்து கிலோமீட்டர் வரை கேட்கும். ராயபுரத்தில் இருப்பது ‘கரை’. திருவொற்றியூரில் இருப்பது ‘உப்பு’. இரண்டிலும் ஞாயிற்றுக்கிழமை நான்கிலிருந்து ஐந்து வரை ராக். பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகள்தான், கித்தாரையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு கன்டெய்னர் லாரியையும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாயையும் பற்றித் தொண்டை கிழியப் பாடுவார்கள். இரண்டும் ஏன் ஒரே நேரத்தில் என்று கேட்கக் கூடாது. முதலில் நேரத்தை மாற்றுகிறவன் தோற்றவன் என்று இரு தரப்பும் முடிவு செய்திருந்தன.

எங்கள் தெரு முழுக்கக் கரைக் கட்சி. கட்சித் தலைவி எஸ்தர், மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். மைக் இல்லாமலே நூறு பேரை அடக்கும் குரல். அவருடைய அக்கா மகன் ஆன்டோ கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு குழுவில் பேஸ் கித்தார் வாசித்தான். அந்தக் குழுவின் பாட்டு கரையில் ஒலிபரப்பாகும். எஸ்தர் வீடு எனக்கு வலது பக்கம். இடது பக்கம் ஏரியல் வீடு. அவர் மட்டும் உப்புக் கட்சி. ஆக ஞாயிறு நான்கு மணிக்கு என் இடது காதில் திருவொற்றியூர், வலது காதில் ராயபுரம். நடுவில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தின் தபால் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், ஓய்வு என்ற சொல்லின் பொருளை யோசித்துக்கொண்டிருப்பேன்.

கரையின் கோபுரம் எங்களுக்கு மூன்று தெரு தள்ளி. ரேடியோவுக்குப் பதில் ஒரு கரண்டியைக் காட்டினாலும் கரை கேட்கும். உப்பு அப்படி இல்லை, உறுமும், இருமும், சில நாள் வரவே வராது. அதைப் பிடிப்பதற்காகத்தான் அந்த ஏரியல், அவருக்குப் பெயரையே வாங்கிக் கொடுத்த ஆன்டெனா. அவர் வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்பதால் என் மொட்டை மாடியைக் கேட்டார். முறைப்படி எழுத்தில் கேட்கச் சொன்னேன். எழுதித் தரச் சொல்லி என்னிடமே வந்தார். எனக்கு நானே விண்ணப்பம் எழுதி, நானே அனுமதி வழங்கினேன்.

குடைக் கம்பி, செம்புக் கம்பி, ஒரு பழைய சைக்கிள் ரிம் என்று எல்லாம் ஏறின. நடுவில் பளபளவென்று ஓர் இட்லித் தட்டு. அன்று மாலை என் மனைவி இட்லிப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மாடிக்குப் போனாள்.

“ஏங்க, இது நம்ம வீட்டுத் தட்டு.”

ஏரியல் கொஞ்சமும் அசரவில்லை. “அக்கா, நாலு குழி தட்டு வேற எங்கியும் கெடிக்கல. நாலு குழியும் நாலு தெசைய பாக்குது பாரு. இன்னா கிளியரா வருது தெரியுமா.”

“பக்கத்துலயே ஒரு ஸ்டேஷன் இருக்கே. அதைக் கேட்டா என்ன?” என்றேன் நான்.

“பக்கத்துல கீறத எவன் வேணா கேப்பான் சார்.”

தெருவில் யார் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றாலும் ஏரியல்தான் வந்து பார்ப்பார். ஒரே நிபந்தனை, ரேடியோ. வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார். முள் கரையில் இருந்தால் வாசலுக்குத் திரும்பிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் வீட்டு ஃப்ரிட்ஜ் மூன்றரை மணிக்கு நின்றது. உள்ளே மச்சான் குடும்பம் வருகிறதென்று வாங்கி வைத்த வஞ்சிரம். ஏரியல் ஸ்பானரோடு போய் வாசற்படியில் நின்றார்.

“எஸ்தரு, அத்த அணை. நான் உள்ள வரேன்.”

“நீ மொதல்ல உள்ள வா. அப்பால அணைக்கிறேன்.”

“அணைச்சாதான் வருவேன்.”

“வந்தாதான் அணைப்பேன். யோவ், மீனு நாறிப்பூடும்யா.”

“மீனு நாறுறது எனுக்கே வாசப்படி வரிக்கும் வருது. ஒனுக்கு உன் ஸ்டேஷனு பெருசா, வஞ்சிரம் பெருசா?”

எஸ்தர் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார். மச்சான் குடும்பம் வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு, கடையில் பிரியாணி வாங்கப் போயிற்று. ஐந்து மணிக்கு நிகழ்ச்சி முடிந்தது. அறிவிப்பாளர் வணக்கம் சொன்ன அந்த நொடியில் ஏரியல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பத்து நிமிடத்தில் ஃப்ரிட்ஜ் ஓடியது.

“இத்த அப்பவே பண்ணியிருக்கலாம்ல? இன்னா பேஜாரு ஆளுய்யா நீ.”

“அஞ்சு மணிக்கு மேல எனுக்கு எல்லாரும் ஒண்ணுதான் எஸ்தரு.”

இந்தப் பகைக்கு மூலம் ஒரு தொலைபேசி அழைப்பு. ஆரம்ப காலத்தில் கரைக்கு போன் செய்து ஒரு பாட்டுக் கேட்டாராம். ‘அடுத்த வாரம் கண்டிப்பா போடறோம் அண்ணா’ என்றானாம் அறிவிப்பாளர். அடுத்த வாரம் போடவில்லை. அதற்கடுத்த வாரமும் போடவில்லை. மூன்றாவது வாரம் ஏரியல் வடக்கே, உப்புப் பக்கம் திரும்பிவிட்டார். திரும்பியதோடு விட்டாரா என்றால், இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கரைமேல் ஒரு புகாரோடு என்னிடம் வந்து நிற்பார்.

“இந்த வாரம் என்ன?” என்பேன்.

“சார், அந்த கித்தாரு தனியா மேல ஏறிக்கினு போது. உச்சிக்குப் போயி அப்டியே நிக்குது. இவன் குறுக்கால பூந்து ‘நேயர்களே’ன்றான். தேரு வர்றப்ப குறுக்கால ஆட்டோ உடுவானா சார் எவனாவது?”

நான் தாளை எடுப்பேன். பொருள்: கித்தார் முடியும் முன் அறிவிப்பாளர் குறுக்கிடுதல் தொடர்பாக. பார்வை: இதே பொருளில் அனுப்பிய முந்தைய கடிதங்கள். அவர் சொல்லச் சொல்ல, அலுவலகத் தமிழுக்கு மாற்றி எழுதுவேன். நகல் ஒன்று எனக்கு. ஒரு கடிதத்துக்கும் பதில் வந்ததில்லை. அனுபவத்தில் சொல்கிறேன், பதில் வராத கடிதம்தான் பத்திரமாகக் கோப்பில் இருக்கும்.

ஒருநாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. “கரையில ஓடறது ஒண்ணு விடாம சொல்றீங்களே. அப்ப உப்பை யாரு கேக்கறது?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “ஒரு காதுல இயர்போன் மாட்டிக்குவேன் சார். உப்ப கேக்கறேன். இத்த வேவு பாக்கறேன்.”

போன ஆண்டு ஒரு ஞாயிறு, கரை அறிவிப்பாளர் ஒரு செய்தி சொன்னான். அடுத்த மாதத்திலிருந்து ராக் நேரம் கிடையாது, அந்த இடத்தில் சிறுதானியச் சமையல். நேயர்களிடமிருந்து ஒரு பாராட்டுக் கடிதம்கூட வரவில்லை என்பது நிகழ்ச்சிக் குழுவின் காரணம்.

எங்கள் தெருக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் ஒருவரும் எழுதவில்லை, போன் செய்யவில்லை. திங்கட்கிழமை காலை மீன் கூடையோடு அந்தப் பக்கம் போகும்போது மாடி ஜன்னலைப் பார்த்து, “நைனா, நேத்து மூணாவது பாட்டு மெர்சலு” என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். அறிவிப்பாளர் ஜன்னலிலிருந்து கையாட்டுவான். விஷயம் முடிந்தது. ஏலக் களத்தில் வாய்ச்சொல்லுக்கு இருக்கிற மதிப்பு வானொலியிலும் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். தெருவிலிருந்து கத்தியதை எந்தப் பதிவேட்டிலும் பதிய முடியாது.

எஸ்தர் வீட்டு ரேடியோ அன்றைக்கு அதற்குமேல் கேட்கவில்லை. ஆன்டோவின் குழுவைப் போட வேறு நிலையம் கிடையாது. உப்பு, திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம் கொடுக்கும். என் வலது காது காலியாகிவிட்டது. ஏரியல் வெடி வாங்கி வருவார் என்று எதிர்பார்த்தேன். திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கு வந்தார்.

“சார், ஒரு மனு எழுதணும்.”

“யார் மேல?”

“மேல இல்ல சார். அவுங்களுக்காவ.” சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். “கரையில பாட்டு நிக்கக் கூடாது. நின்னுச்சுனா நான் யார சார் திட்டறது? ஞாயித்துக்கெழம மத்தியானம் துன்னுட்டு தூங்கச் சொல்றியா?”

மனு வேண்டாம் என்றேன். நேரில் போகலாம், எஸ்தரையும் கூட்டிக்கொண்டு. மூவரும் புதன்கிழமை போனோம். இருவரும் என் இரண்டு பக்கமும் நடந்தார்கள், வீட்டில் இருக்கிற அதே வரிசையில்.

நிகழ்ச்சிக் குழுச் செயலாளர் கல்லூரிப் பேராசிரியை, மிக மரியாதையானவர். “எங்களுக்கும் வருத்தம்தான் சார். ஆனா நேயர் கடிதம்னு ஒண்ணுகூட இல்லையே” என்றார்.

“புகார்க் கோப்பு எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன்.

அது வேறு பீரோவில் இருந்தது. ஒருவர் சுமந்துகொண்டு வந்து மேசையில் வைத்தபோது தூசி எழுந்தது. ஒவ்வொரு வாரக் கடிதமும் தேதி வரிசையில், கிழியாமல். “உங்கள் விதியை ஒரு தடவை படியுங்கள். நேயர் கடிதம் வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதில் பாராட்டு இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை” என்றேன். பேராசிரியை விதியை மூன்று முறை படித்தார். நானும் முந்தின நாளே படித்திருந்தேன்.

அதற்குள் எஸ்தர் ஒரு கடிதத்தை உருவிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். ஏலக் குரல், கட்டடம் முழுக்கக் கேட்டது. “‘ஆன்டோ என்பவர் வாசிக்கும் பேஸ் கித்தார் காதில் விழுவதே இல்லை. நன்றாக வாசிக்கும் ஒருவரை இவ்வாறு ஓரத்தில் நிறுத்துவது முறையல்ல. அடுத்த முறை மைக்கை அவர் அருகில் வைக்குமாறு...’”

அதைப் பாதியில் கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதிலும் ஆன்டோ. மூன்றாவது கடிதத்தில், அவன் இரண்டு வாரமாக வரவில்லையே, உடம்பு சரியில்லையா என்று ஒரு புகார். எல்லாம் என் கையெழுத்து. எழுதும்போது பொருளும் பார்வையும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். நடுவில் இருந்ததைப் படித்ததாக நினைவில்லை.

“யோவ் ஏரியலு. இதுல புகாரு எங்கய்யா கீது?”

ஏரியல் மின்விசிறியை ஒரு மெக்கானிக்கின் கண்ணோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். “மைக்கு தூரமா கீதுன்னா அது புகாரு இல்லியா?”

எஸ்தர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். தூசி இருந்ததும் உண்மைதான்.

கரையில் ராக் தொடர்ந்தது, இரண்டு நிபந்தனைகளோடு. வாரம் ஒரு கடிதமாவது வர வேண்டும். சிறுதானியத்துக்கு நான்கு மணியை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டதால் ராக் ஐந்து மணிக்கு. ஏரியலுக்கு இது பெரிய குறை. மோதல் இல்லாமல் என்ன ஞாயிற்றுக்கிழமை என்று புலம்பினார். அந்த வாரம் ஐந்து மணிக்கு எஸ்தர் வாசலுக்கு வந்து என் வீட்டைத் தாண்டிக் குரல் கொடுத்தார்.

“அஞ்சு மணிக்கு மேல எல்லாரும் ஒண்ணுதான்னியே. வந்து குந்து.”

போய் உட்கார்ந்தார். முதல் பாட்டு முடிவதற்குள் அறிவிப்பாளரைத் திட்டத் தொடங்கிவிட்டார். எஸ்தர் கூடச் சேர்ந்து திட்டியதை நானே கேட்டேன்.

இந்த ஆண்டு ஆரம்பத்தில் ஐஸ் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு எண்ணூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். மாடியில் இருந்ததைப் பிரித்து, இட்லித் தட்டைத் துடைத்து என் மனைவியிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டாள். அதில் இட்லி வேகாது, நடுவில் ஓட்டை போட்டிருந்தார்.

எண்ணூரில் உப்பு தெளிவாகக் கேட்கிறதாம், கரண்டியைக் காட்டினாலே போதுமாம். போன வாரம் போனில் பேசினார். “அத்த எவன் வேணா கேப்பான் சார். இங்க கரைதான் வர மாட்டேங்குது. ஒரே இருமலு. மாடில கம்பி கட்டிக்கினு கீறேன். கடுதாசி நிக்காது, எஸ்தராண்ட சொல்லிடு. அப்பால, அக்காகிட்ட அந்த நாலு குழி தட்டு எந்தக் கடைல வாங்குனாங்கனு கேளு சார்.”

முதலில் முறைப்படி எழுத்தில் கேட்கும்படி சொன்னேன். மறுநாள் என் மனைவி கடைத்தெருவுக்குப் போய்ப் புதுத் தட்டோடு வந்தாள், ஓட்டை போடாதது. அதை எண்ணூருக்கு யார் கொண்டுபோவது என்று எஸ்தருக்கும் அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாக்குவாதம். விண்ணப்பம் இன்னும் வரவில்லை. இருந்தாலும் நாளைக் காலை பஸ்ஸில் நான்தான் போகிறேன்.