முதுகுப் பிடிப்பும் மீன் பிடிப்பும்

இன்று ஒரு துரும்பையும் அசைப்பதில்லை என்ற முடிவோடுதான் அன்று கண்விழித்தேன். வயோமிங்கில், ஆற்றங்கரை முகாம் ஒன்றில்.

நானும் என் மனைவி லவோனும் ஓய்வு பெற்றதும் மினசோட்டா வீட்டைப் பூட்டிவிட்டு, பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வீட்டை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறோம். நான் ஓய்வு பெற்றது உண்மை. பெற்றதை யார் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றுதான் தெரியவில்லை. வாரத்தில் ஒரு நாள் வேலை நாள். அன்று பயணம் கிடையாது. துணி துவைக்க வேண்டும். கூரைமேல் ஏறி விரிசலுக்குப் பசை பூச வேண்டும். சக்கர நட்டுகளை முறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும்.

வண்டி ஓட்டுவது மட்டும் என் தனியுரிமை. டிரெய்லரைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்துவது லேசில்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலது பக்கம் போகும். எங்கள் வீட்டில் என் பேச்சு போகிற மாதிரி.

ஓட்டுகிறவன் வைத்ததுதான் வழி. மறுநாள் வடக்கே திரும்பி, மொன்டானா ஏரிகளில் தூண்டில் போடுவதாக இருந்தேன். லவோனுக்கு நெப்ராஸ்காவில் இருக்கும் அக்கா கோரின் வீட்டுக்குப் போக ஆசை. கோரின் பூனைகள் வளர்க்கிறாள். அந்த வீட்டில் மீன் பூனைகளுக்கு மட்டும்தான்.

அன்று அந்த வேலை நாள். ஆனால் முதல் நாள் சாயங்காலமே டுவேன் என் காதைக் கடித்திருந்தான். அவனும் அவன் மனைவி பெர்னிசும் சில வாரங்களாக எங்கள் கூடவே முகாம் முகாமாக வருகிறவர்கள்.

"ஆர்லன், ஆத்துல டிரவுட் மீன் துள்ளுதுடா. காலைல வந்துடு."

எனவே காலையில் கட்டிலில் கிடந்தபடியே முனகினேன்.

"லவோன், முதுகு பிடிச்சுக்கிச்சு. குனியவும் முடியல, நிமிரவும் முடியல."

"ஐயோ கண்ணு! எப்படி?"

"தும்மினேன்."

"சத்தமே கேக்கலையே?"

"உள்ளுக்குள்ள தும்மினேன்."

எனக்கு இருந்தது முதுகுப் பிடிப்பு அல்ல, மீன் பிடிப்பு என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை திட்டவில்லை. வெளியே மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டாள். முதுகுக்கு மெத்தை வைத்தாள். கையில் காபி கொடுத்தாள். "ஆத்தைப் பாத்துக்கிட்டு உக்காரு," என்றாள். இனி தூண்டில் ஒன்றுதான் பாக்கி.

தூண்டிலோடு டுவேன் வந்தான்.

"நல்ல நேரத்துல வந்த டுவேன்," என்றாள் லவோன். "இவனுக்கு முதுகு போச்சு. டேங்க் குழாயை நீதான் பிடிக்கணும்."

"நான் மீன் பிடிக்கலாம்னு..."

"முதல்ல குழாய். இந்தா கையுறை."

டுவேன் என்னைப் பார்த்தான். நான் ஆற்றைப் பார்த்தேன்.

ஆனால் கழிவைக் கொட்டும் குழி முகாம் வாசலில் இருந்தது. டிரெய்லரையே அங்கே இழுத்துப் போக வேண்டும். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"வண்டியை யார் ஓட்டுறது?"

"நான்தான்."

"திரும்பி வந்து பின்னாடி எடுத்து நிறுத்தணும் லவோன். ரெண்டு பக்கமும் மரம்."

"தெரியுது. மரம் நகராது. நீயும் நகராத."

போனாள். நான் மரம் முறியும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். திரும்பி வந்தவள் கண்ணாடியை ஒரு தரம் பார்த்தாள். ஒரே எடுப்பு. இரண்டு மரத்துக்கும் நடுவில் டிரெய்லர் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. நான் அதே இடத்தில் நிறுத்தியபோது நாலு முறை முன்னும் பின்னும் போய், முகாமே எழுந்து வந்து கை காட்ட வேண்டியிருந்தது. இப்போது அதே ஜனங்கள் கை தட்டினார்கள்.

"எங்க கத்துக்கிட்ட?" என்றேன்.

"நீ மத்தியானம் தூங்கறப்போ. பெர்னிஸ் அவங்க டிரெய்லரைக் குடுத்தா." கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்த முதுகோட நீ ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது கண்ணு. நாளைக்கு நானே ஓட்டறேன்."

"எங்க?"

"ஓட்டறவ திருப்பற பக்கம். கோரின் வீட்டுக்கு."

நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தேன்.

"சரியாப்போச்சு லவோன்!"

"என் திருப்திக்காகச் சொல்லாத."

"பாரு, குனியறேன்! கால் விரலைத் தொடறேன்!"

"எதுக்கும் ஒரு நாள் வேலை செஞ்சு பாரு. தாங்குச்சுன்னா நாளைக்கு நீயே ஓட்டு."

ஒப்பந்தம் நியாயமாகத்தான் பட்டது. துணி மூட்டைகளைத் துவைக்கும் கூடத்துக்குச் சுமந்தேன். பெர்னிஸின் மூட்டையும் எப்படியோ என் தோளில் ஏறியிருந்தது. கூரைமேல் முட்டிபோட்டு வெயிலில் பசை பூசினேன். அங்கிருந்து ஆறு நன்றாகத் தெரிந்தது. கழுவிய கையோடு டுவேன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மீனாக இழுத்துக்கொண்டிருந்தான். இறங்கி வந்து நட்டுகளை முறுக்கினேன். கடைசி நட்டில் எனக்குள்தான் ஏதோ 'கடக்' என்றது.

"முதுகு எப்படி இருக்கு?" என்றாள் சாயங்காலம்.

"கல்லு மாதிரி இருக்கு," என்றேன். பொய்யில்லை. கல்லு மாதிரியே அசைய மறுத்தது.

விடிந்ததும் கட்டிலிலிருந்து என்னை டுவேனும் பெர்னிசும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கி, வண்டியில் பக்கத்து இருக்கையில் கொண்டுபோய் வைத்தார்கள். லவோன் பெல்ட்டை மாட்டிவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். நெடுஞ்சாலையில் வண்டி கிழக்கே திரும்பியது. அந்தத் திருப்பத்தில் உயிர் போகிற மாதிரி வலித்தது.

"அம்மா! நிஜமாவே வலிக்குது லவோன்!"

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்து இதைவிட நல்லா நடிச்ச."