எழுந்திருக்காத சர்வீஸ் குறித்து மைத்துனருக்கு

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனருக்கு, அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம், என் முழங்கால் நீங்கலாக. தாங்கள் மலையேறப் போன இடத்தில் சிக்னல் இல்லை என்று உங்கள் அக்கா சொன்னதால், இறங்கியதும் கையில் கிடைக்கட்டும் என்று விடுதி முகவரிக்கே எழுதுகிறேன்.

எங்கள் மருத்துவமனை மென்பொருளுக்குத் தாங்கள் ஆசையாக எழுதிக் கொடுத்த கூடுதல் மாட்யூலைத் திங்கள்கிழமை சேர்த்தேன். ரத்தப் பரிசோதனையில் ஆபத்தான அளவு வந்தால் வார்டு மருத்துவரின் போனுக்கு அந்த நிமிடமே தகவல் போக வேண்டும், அதற்குத்தானே அது? ஃபைலை உரிய ஃபோல்டரில் வைத்து, சர்வரை அணைத்து மறுபடி போட்டேன். ‘மாட்யூல் ஏற்கப்பட்டது’ என்று திரையில் வந்தது. அதோடு சரி. அதற்குள்ளே இருந்து தகவல் அனுப்ப வேண்டிய சர்வீஸ் என்ற நிரல் அசையவே இல்லை. பிறகுதான் விசாரித்தேன்: இந்த ஜாவா கட்டமைப்பில் மாட்யூல் வந்து சேர்ந்தால் மட்டும் போதாதாம், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை சர்வீஸ் எழுந்திருக்காதாம். எல்லோரையும் எழுப்ப வேண்டியவனை யார் போய் எழுப்புவது?

பழைய எச்சரிக்கை வசதியை ஆர்வக்கோளாறில் நான் ஏற்கெனவே நீக்கிவிட்டதால், மூன்று நாளும் அந்த சர்வீஸின் வேலையை நானே பார்த்தேன். ஆய்வகத்தில் தாள் வந்ததும் பிடுங்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஓட்டம். புதன்கிழமை ஒரு லாரி ஓட்டுநருக்கு, இதயமே நின்றுவிடும் அளவுக்குப் பொட்டாசியம் ஏறியிருந்தது. லிஃப்ட் வரவில்லை. படியேறிப் போய்த் தாளை நீட்டினேன். மருத்துவரம்மா ஊசி போட்டு, துடிப்பு சீரானதும் என்னைப் பார்த்தார்.

“நல்ல வேளை வந்தீங்க. நாளைக்கு நீங்க லீவு போட்டா இந்த மனுஷன் கதி என்ன?”

மூச்சு வாங்கிக்கொண்டே சர்வர் அறைக்கு இறங்கினேன்.

அந்த ஆத்திரத்தில், சர்வர் கிளம்பும்போதே உங்கள் சர்வீஸும் கிளம்ப வேண்டும் என்று தொடக்கப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். கிளம்பியது ஐயா, கிளம்பியது! மருத்துவமனையின் அத்தனை போனுக்கும் ‘டாக்டர், உடனே ஓடி வாங்க’ என்று செய்தி. கண் மருத்துவர் ஓடி வந்தார், கேன்டீன்காரர் கரண்டியோடு வந்தார், பல் மருத்துவர் வந்தார், அவர் பின்னாலேயே திறந்த வாயோடு அவருடைய நோயாளியும் வந்தார். வரவேற்பில் இருக்கும் உங்கள் அக்கா எல்லோரையும் சமாளித்து அனுப்பிவிட்டு நேராக என் அறைக்கு வந்தாள்.

“என் தம்பி எழுதுனதை நீங்க என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

பார்த்தாயா? எழுதியது நீ, தொலைத்தது நானாம்! தாங்களும் நீங்களும் இனிப் போதும். உன் மாட்யூலை அடியோடு அழித்துவிட்டேன். என் சர்வர் பக்கம் இனித் தலைவைத்துப் படுக்காதே. நீ எனக்கு மைத்துனன், அவ்வளவுதான். அதுவும் உன் அக்கா முகத்துக்காக.

மலையில் கால் இடறாமல், வேளைக்குச் சாப்பிட்டு, எல்லா நலங்களோடும் வீடு திரும்ப வாழ்த்தும்,
அக்காள் கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அக்கா, மாட்யூலோடு நீ அனுப்பிய குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “அந்த வரியைக் காட்டுங்க” என்றாள். உன் மாட்யூலில் இரண்டு சர்வீஸாமே. ஒன்று நிஜம், இன்னொன்று எல்லா போனுக்கும் செய்தி போகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு. நான் எழுப்பியது சோதனையை. உன் குறிப்பின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எச்சரித்திருக்கிறாய். மாட்யூலை மறுபடி சேர்த்துப் பெயரைத் திருத்தினேன். அரை மணி நேரத்தில் ஓர் ஆபத்தான அளவு வந்தது. பழக்கதோஷத்தில் மூன்று மாடியும் ஓடினேன். மருத்துவரம்மா ஊசியே போட்டு முடித்திருந்தார். “நீங்க எதுக்கு வந்தீங்க?” என்றார். ஆகவே மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், இதைத்தான் அனுப்ப வேண்டும் என்று உன் அக்கா பிடுங்கி வைத்துக்கொண்டாள்.