திகன மண்ணும் நான் போட்ட திருநீறும்

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

புசல்லாவையிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் உடல் சுகமாகவே உள்ளோம். மனச் சுகத்தைப் பற்றித்தான் இக்கடிதம். கதிரையில் உட்கார்ந்த பிறகே மேற்கொண்டு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று மாதமாக நீ போனில் அழுவதைக் கேட்டு எனக்குச் சோறு இறங்குவதில்லை. கதிர்வீச்சுக் கழிவைப் புதைத்தால் சுற்றியுள்ள களிமண் அதைப் பிடித்து வைக்குமா என்று பார்ப்பதற்காக, கண்டியை அடுத்த திகனப் பக்கத்துக் களிமண்ணைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, மேலே போத்தலிலிருந்து, அந்தக் கழிவில் இருக்கும் சீசியம் என்ற உலோகம் கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாய். பத்து மாதம் கீழே ஒரு துளி சீசியம் வரவில்லை. பிறகு ஒரே வாரத்தில் மளமளவென்று வந்துவிட்டது. உன் கைவேலையில்தான் பிழை என்று உன் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் தாஸிம் சேர் சொல்லிவிட்டார், பட்டம் கிடைக்காது, எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுக்கே வந்துடுறேன்ப்பா என்று நீ சொன்னதும் அம்மா அலுமாரியில் உனக்கு இடம் ஒதுக்கத் தொடங்கிவிட்டாள், நான் மட்டும் வாயே திறக்கல்ல. ஏன்னா, மகளே, பிழை உன் கையில இல்ல, என் கையில.

சரஸ்வதி பூசை அன்னைக்குச் சுண்டல் கொண்டுக்கிட்டு லேப்புக்கு வந்தேன்ல? நீ கை கழுவப் போனே. தோட்டத்து டீ பெக்டரியில முப்பது வருஷம் பூசைக்கு மிஷினுக்கெல்லாம் திருநீறு பூசினவன் நான், உன் லேப்புல ஒரு சாமானுக்கும் ஒரு பொட்டுகூட இல்ல, மனசு கேக்கல்ல. வெளியில பூசினா நீ ஏசுவேன்னு பயந்து, மூடியத் தொறந்து, அந்தச் சீசியத் தண்ணிப் போத்தலுக்குள்ள போட்டேன். கொஞ்சமா போட்டா கொஞ்சமாத்தானே பலிக்கும்னு கதிர்காமத்துத் திருநீறுப் பொட்டலத்த அப்படியே கவுத்துக் குலுக்கியும் விட்டேன். போத்தல் கறுப்பு, நீ கவனிக்கல்ல. கதிர் வீசாத சாதுவான சீசியம்தான், பயப்படாதீங்கன்னு நீ சொல்லாட்டி நான் கிட்டயே போயிருக்க மாட்டேன்.

போன கிழமை நீதான் சொன்னே, மண்ணுக்குள்ள சீசியத்துக்குன்னு சீட்டு இருக்கு, உக்காந்தா லேசுல எந்திரிக்காது, பொட்டாசியம் வந்து நெருக்கினாத்தான் எந்திரிக்கும், ஆனா இங்க பொட்டாசியம் எங்கப்பா இருக்குன்னு. காதுல விழாத மாதிரி இருந்துட்டேன். சாம்பல்ல பொட்டாசியம் இருக்குன்னு வாழை வைக்கிறவனுக்கே தெரியும், எனக்குத் தெரியாதா? காலைக் கண்டி பஸ்ஸுல சனம் ஏறுற மாதிரி என் திருநீறு ஏறி, உன் சீசியத்தப் பூரா எறக்கி விட்டுருச்சு. உன் வருஷத்தையே நாசமாக்கிட்டேன்மா. அன்னைக்கே சொல்லியிருக்கணும், உன் முகத்தப் பார்க்கப் பயமா இருந்துச்சு.

கதிர்காமக் கந்தன் உன்னைக் காப்பானாக. இனிமேல் அவனே நேரடியாகக் காக்கட்டும், என் கை வழியாக வேண்டாம். அம்மாவின் முத்தங்களும் இத்துடன்.

இப்படிக்கு,
உன் பாவி அப்பா,
ஜெயராஜ்

பி.கு: இத கவர்ல போட்டு ஒட்டப் போற நேரம் உன் போன் வந்துச்சு. சேர் எல்லாத்தையும் திரும்பப் பார்த்துட்டு, உன் கையில பிழையே இல்ல, இது உலகத்துல யாரும் பார்க்காத மாதிரி மண்ணுன்னுட்டாராம், பட்டம் நிச்சயமாம், யப்பானுக்குப் போய் அதப் பத்திப் பேசணுமாம். மூணு மாசத்துக்குப் பிறகு நீ சிரிச்சே. அந்தச் சிரிப்புக்கு நடுவுல எனக்குச் சொல்ல வாய் வரல்ல. மேல எழுதின ஒண்ணுமே நடக்கல்ல, கிழிச்சுப் போட்டுடு. ஆனா உன் பேரக் காப்பாத்தணும்னு இதோட நகல் ஒண்ண இன்னைக்குக் காலையிலேயே சேருக்குப் பதிவுத் தபால்ல அனுப்பிட்டேன்.