பழைய முறையும் புதிய முறையும் நானும்

எனக்கு எல்லாம் தெரியும் என்கிற எண்ணம் எனக்கு முப்பது வயதில் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அந்த எண்ணம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

மலையாள ஊரான மட்டாஞ்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு பென்ஷன் கிடையாது. வங்கி வட்டியும், வீட்டு மாடியில் நடத்துகிற டியூஷனும்தான் வருமானம். எனக்கும் கணவருக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் கட்டுகிறேன். அதை வருமானத்தில் கழித்துக்கொண்டு மீதிக்கு வரி கட்டினால் போதும் என்று எங்கேயோ படித்தேன். அன்றிலிருந்து காய்கறிக் கடையில்கூட அதைத்தான் பேசினேன். (கடைக்காரர் ஒருமுறை, "டீச்சரே, வெண்டைக்காய் வேணுமா வேண்டாமா?" என்று கேட்டுவிட்டார்.)

என் வரிக் கணக்கைப் பார்ப்பவள் ஷைனி. சுள்ளிக்கல்லில் ஆபீஸ் வைத்திருக்கிறாள். மலையாளி, என் பழைய மாணவி. என் வகுப்பில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை நான் இன்னும் மறக்கவில்லை, அவளை மறக்க விட்டதும் இல்லை.

அந்த ஆண்டு அவள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். பிரீமியக் கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு, புதிய முறையில் இல்லை. டியூஷன் சொந்தத் தொழில் என்பதால், பழைய முறை வேண்டுமானால் தேதிக்குள் தனியாக ஒரு படிவம் கொடுக்க வேண்டும். கொடுக்கட்டுமா, டீச்சர்?

நான் என்ன செய்தேன்? அதிலிருந்த இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தி அவளுக்கே திருப்பி அனுப்பினேன்.

"ஏண்டி, அந்தப் பொண்ணு என்னமோ கேட்டிருக்காளே, பதில் சொல்லப்படாதோ?" என்றார் என் கணவர்.

"கழிவு உண்டுன்னு எனக்குத் தெரியும். அவகிட்டப் போய்க் கேக்கணுமாக்கும்?"

பிறகு அவள் கணக்குத் தாக்கல் செய்த தாளை அனுப்பியபோது, திறந்தே பார்க்காமல் கட்டைவிரலை உயர்த்தும் படம் ஒன்றை அனுப்பிவைத்தேன்.

சில வாரங்கள் கழித்து எங்கள் தமிழ்ச் சங்கத்தில் மூத்தவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். "வரியை மிச்சம் பிடிப்பது எப்படி" என்று பேச நானே முன்வந்தேன். (யாரும் கூப்பிடவில்லை.) பட்டுப்புடவை, கையில் சாக்பீஸ். சங்கத்தில் கரும்பலகை இல்லாததால் அதையும் வாடகைக்கு எடுத்திருந்தேன். முன்வரிசையில் ஷைனியை உட்கார வைத்தேன், தன் டீச்சரின் பெருமையை அவளும் பார்க்கட்டுமே என்று.

முக்கால் மணி நேரம் பேசினேன். பழைய முறையை விட்டவர்கள் எல்லாரும் ஏமாளிகள் என்கிற அளவுக்குப் போய்விட்டேன். கடைசியில் கொச்சங்காடியிலிருந்து வந்திருந்த கோபாலன் மாமா எழுந்தார். மிளகு மண்டியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்.

"டீச்சர் இந்தக் கழிவை எடுத்தாச்சோல்லியோ?"

"பின்னே! நீங்களே கேளுங்கோ. ஷைனி, எழுந்திரு. சொல்லு."

வகுப்பில் எழுந்திருப்பது போலவே எழுந்தாள். "டீச்சரே, அது பின்னீடு பறயட்டே?"

"பிறகெல்லாம் வேண்டாம். உரக்கச் சொல்லு."

"டீச்சர் பதில் ஒண்ணும் சொல்லாததுகொண்டு படிவம் கொடுக்கல. டீச்சர் இப்போ புதிய முறையிலாணு. கழிவு இல்ல."

நான் விட்டேனா? "அப்படின்னா உன்னாலே எனக்கு எவ்வளவு நஷ்டம், அதையும் சொல்லு!" என்றேன்.

ஷைனி தலையைக் குனிந்துகொண்டாள். "நஷ்டம் இல்ல டீச்சர். ரெண்டும் போட்டு நோக்கினேன். பழைய முறையில் பிரீமியம் கழிச்சாலும் வரி உண்டு. புதியதில் டீச்சர் வருமானத்துக்கு வரி பூஜ்யம்."

பூஜ்யம்! அதற்கு மதிப்பு உண்டு என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான். முதலில் சிரித்தது என் கணவர். அதன் பிறகு கூடத்தில் யாரையும் அடக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் கோபாலன் மாமா வீட்டுக்கு வந்து இன்னொரு இடியைப் போட்டார். காய்கறிக் கடையில் நான் பேசியதைக் கேட்டு, கழிவுக்காகவே போன மாதம் முதல்முறையாகக் காப்பீடு எடுத்தாராம். "எனக்கும் புதிய முறைதானாம், கழிவு கிடையாதாம். ஷைனி சொல்லிட்டா," என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்து அவர் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் செலவைக் காப்பீடு ஏற்றது. பார்க்கப் போனபோது அழுதுவிட்டேன். அவரோ பக்கத்துக் கட்டில்காரரிடம், "இவாதான் எனக்குத் தப்பா சொல்லிக்கொடுத்த டீச்சர். ரொம்ப நல்லவா," என்று அறிமுகம் செய்துவைத்தார்.

அன்று முதல் என் வீட்டில் நான் எதை அடித்துச் சொன்னாலும், மழை வரும் என்றாலும் சாம்பாரில் உப்பு சரி என்றாலும், "ஷைனிகிட்டக் கேட்டாச்சா?" என்பார் என் கணவர். பெங்களூரிலிருந்து போனில் பேசுகிற மகளும் அதையே கேட்கிறாள்.

போன வாரம் டாக்டர் எனக்கு ரத்த அழுத்த மாத்திரையை மாற்றி எழுதினார். "இதெல்லாம் எனக்குத் தெரியும் டாக்டர், பழைய மாத்திரையே போதும்," என்றேன்.

மலையாளியான அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் அரைகுறைத் தமிழில் என்னைக் கேட்டார்:

"ஷைனிகிட்டக் கேட்டாச்சா, டீச்சர்?"