புஸ்வாணப் பெட்டியில் ஏறிப்போன பாட்டு

சிவகாசி,
புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம்.

ஆலங்குளத்தில் இருக்கும் என் அன்பு அக்கா தங்கத்தாய்க்கும் மதிப்பிற்குரிய அத்தானுக்கும் தம்பி வெள்ளைத்துரை வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் யோகேஸ்வரியும் சௌக்கியம். உன் மருமகள் பிரீத்திகாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, மற்றபடி அவளும் சௌக்கியம். அங்கே உன் மூட்டுவலியும் அத்தானின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கும் என்று நம்புகிறேன்.

போன மாதம் போனில் நீ, "ஏலே, உம் மக கைய நீட்டி நீட்டி யாரையோ வஞ்சிக்கிட்டே திரியுதாளாமே, மந்திரிச்சு விடணுமாலே?" என்று கேட்டாய். வைவது இல்லை அக்கா, அதற்கு ராப் என்று பெயர். தாளத்துக்கு மூச்சு விடாமல் பேச வேண்டும். பிரீத்திகா, கயிற்றுக்கடை ஜெய்லானி பாய் மகள் ஹஸ்னா, தாளம் போடும் ஹரிஷ்குமார், ஆக மூன்று பேர். குழுவுக்கு 'நமுத்த வெடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "பட்டாசு ஊருல இருந்துக்கிட்டு இப்படியாட்டி பேரு வைப்பாக?" என்றேன். "நமுத்தா என்னப்பா, காய வச்சா வெடிக்குமில்ல?" என்கிறாள். இருபத்தாறு வருஷமாகப் பட்டாசு லேபிள் அச்சடிக்கிறேன், இப்படி ஒரு பெயரை எந்தப் பெட்டியிலும் அடித்ததில்லை.

இதில் நான் தலையிடக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் பாட்டைப் பதிய அவர்களுக்கு எதிரொலி இல்லாத அறை வேண்டுமாம். எங்கள் அச்சகத்தில் பேப்பர் கட்டு அடுக்கிய அறையில் கத்தினாலும் வெளியே கேட்காது. ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டேன். ஹரிஷ்குமார் மைக்கை எடுத்துக்கொண்டு நேரே மிஷினிடம் போய், "மாமா, ஒருக்கா ஓட்டுங்க" என்றான். டக்கடக் டக்கடக் என்று அது ஓடுவதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதான் மாமா நம்ம தாளம்" என்றான். இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தில் எனக்குக் காதுவலி ஒன்றுதான் வந்திருக்கிறது. சத்தம் கேட்டு முதலாளி மணிகண்டராஜ் வந்து நின்றார். "ரோலர் துடைக்கிறேன் அண்ணாச்சி" என்றேன். அதுதான் நான் அவரிடம் சொன்ன முதல் பொய். பொய் சொன்ன பயத்தில் மறுநாளே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்து, "பிள்ளைகளுக்கு அட்டை வேணும்னா மிச்சப் பேப்பர்ல அடிச்சுக் குடு" என்றார். வினையே அங்கேதான் ஆரம்பம்.

பட்டாசுப் பெட்டி லேபிளில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புச் சதுரம் பார்த்திருப்பாய். அதில் செல்போனைக் காட்டினால் அந்த வெடி எப்படி வெடிக்கும் என்று படம் ஓடும். ஆல்பத்து அட்டையிலும் அப்படி ஒன்று, காட்டினால் எட்டுப் பாட்டும் கேட்கும். கம்ப்யூட்டர் பையன் லீவு. அட்டையிலும் அன்றைக்கு அடிக்க வேண்டிய புஸ்வாண லேபிளிலும் சதுரத்தை நானே வைத்தேன். எல்லாம் ஒரே மூஞ்சிதானே அக்கா, மாற்றி வைத்துவிட்டேன்! ஐந்நூறு அட்டையைக் கல்லூரி கல்லூரியாகக் கொடுத்துவிட்டு வந்தார்கள். காட்டியவனுக்கெல்லாம் ஒரு நிமிஷம் புஸ்வாணம் பொங்கி அடங்கியது. பிரீத்திகா அழுத அழுகை இருக்கிறதே! "ஆல்பத்த நெசமாவே புஸ்வாணமாக்கிட்டீகளேப்பா!" அவர்கள் பாட்டு முழுவதும் நாற்பதாயிரம் புஸ்வாணப் பெட்டியில் ஏறி லாரியில் பாட்னாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

உள்ளூரில் முதலில் கேட்டது யார் தெரியுமா? உன் தம்பி பெண்டாட்டிதான். அவள் வேலைக்குப் போகும் ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனி வேனில் டிரைவர் கருப்பணன் சும்மா ஒரு புஸ்வாணப் பெட்டியில் செல்போனைக் காட்டியிருக்கிறான். வேன் முழுக்கப் பாட்டு:

"ஆறரை மணி வேனுல எங்கம்மா போறா,
அலுமினியத் தூள் பூசி அந்தியில வாறா,
ஊரெல்லாம் வானம் பாக்கத் திரி சொருகுறா,
உறங்கையிலும் விரல மடக்கி எண்ணிக்கிட்டு இருக்குறா!"

"இது நம்ம கதையில்லா!" என்று பொம்பளைகள் அத்தனை பேரும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்களாம். யோகேஸ்வரிதான் இந்த ராப்புக்கு வீட்டில் முதல் எதிரி, உனக்கே தெரியும். மூன்று தடவை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள், நாலாவது தடவை "எம் மக" என்றாளாம். அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பிரீத்திகாவுக்கு மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். என் வேலை போச்சு என்றே போனேன். "வெள்ளைத்துரை, பாட்னாவுல இருந்து போன். பெட்டியில செல்லக் காட்டுனா மூணு பேரு சண்டை போடுறாகளாம்" என்று ஒரு மணி நேரம் வைதார். கடைசியில் குரலைத் தணித்து, "அங்கன பயலுக அந்தச் சண்டைக்கு ஆடுறானுகளாம். அதே பெட்டி இன்னொரு லோடு கேக்காக. பிள்ளைக இந்தியில பாடுமா?" என்றார். ஆல்பத்தை இதுவரை லட்சம் பேர் கேட்டாயிற்று அக்கா!

ஆகவே வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, விருதுநகரில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் சூலக்கரை மண்டபத்தில் 'நமுத்த வெடி'யின் முதல் ஆல்ப வெளியீட்டு விழா. நீயும் அத்தானும் அவசியம் வந்து, மூன்று பிள்ளைகளும் என்றும் இதே ஒற்றுமையோடு நீடூழி பாட வாழ்த்த வேண்டும். காதில் வைக்கப் பஞ்சு நானே தருகிறேன்.

உங்கள் ஆசியை வேண்டும்,
வெள்ளைத்துரை.

பின்குறிப்பு: சாயங்காலம் வீட்டில் உறையை ஒட்டப்போகும்போது பிரீத்திகா வந்தாள். ஞாயிறு விழா இல்லை. குழுவே இல்லை. மேடையில் முதல் பாட்டை யார் எடுப்பது என்று அவளுக்கும் ஹஸ்னாவுக்கும் சண்டை. இப்போது இவள் எங்கள் வாசலிலும் அவள் கயிற்றுக்கடை வாசலிலும் நின்று ஒருத்தியை ஒருத்தி ராப்பிலேயே வைகிறார்கள். தெரு அடைத்துக் கூட்டம். ஜெய்லானி பாய் நாற்காலி போடுகிறார், ஹரிஷ்குமார் நடுவில் நின்று தாளம் போடுகிறான். ஞாயிறு வரை காத்திருக்காமல் கிடைத்த பஸ்ஸில் ஏறி வாருங்கள், இருவரும் பிரமாதம்! யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல முடியவில்லை. யோகேஸ்வரி ஹஸ்னா பக்கம்.