திட்டினால் எரியும் விளக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் "ஏன், எனக்கென்ன கேடு?" என்று சண்டைக்கு வருவாய். அதனால் நலமென்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக விளக்கைத் திட்டினேன். பளிச்சென்று எரிந்தது. என் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு புராஜெக்ட் அதுதான்: அன்பான குரல் கேட்டால் தானாக எரிகிற விளக்கு. அன்பு எப்படி இருக்கும் என்று அதற்குப் பழக்க, போனில் நீ பேசுவதையும் வீட்டில் இவரும் மகளும் என்னிடம் பேசுவதையும் பதிவு செய்து கொடுத்தேனா, நம் குடும்பத்தில் யார் என்றைக்கு மெல்லப் பேசினார்கள்? வீட்டில் அது அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது, நானும் நாற்பதுக்கு மேல் கல்லூரிக்குப் போய்ச் சாதித்துவிட்டதாக நம்பி, நேற்று தேர்வுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

தேர்வாளர் குனிந்து, "ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார். இருட்டு. "வாழ்த்துகள்" என்றார். இருட்டு. வயரைப் பிடுங்கிச் செருகினேன், பல்பைத் தட்டினேன், அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். துண்டிக்கப் போய் ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன்.

"ஏண்டி, போனை எடுக்க இவ்வளவு நேரமா? ஏதாவது தின்னியா, இல்ல வெறும் வயித்தோட போய் நிக்கிறியா? மயங்கி விழுந்தா யாரு தூக்குறது, உன் விளக்கா?"

அறை முழுக்க வெளிச்சம். தேர்வாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "யாரும்மா இவங்க? உங்க மேல என்ன கோபம்?" என்றார்.

"அக்கா சார். சாப்பிட்டேனான்னு கேக்குறாங்க."

சிரித்தார். ஆனாலும், "பழக்கினதுல தப்பு இருக்கு. அமைதியான குரல்களை வெச்சு மாத்திட்டு வாங்க, இல்லன்னா பாஸ் போடறது கஷ்டம்" என்று ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

இத்தனை வருடமாக நான் வாங்கிய திட்டெல்லாம் என்னவென்று ஒரு விளக்கு சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது, அக்கா. நேரில் நன்றி சொன்னால் அதற்கும் திட்டுவாய் என்பதால் கடிதத்தில் சொல்கிறேன். ஒரே ஒரு உதவி: கொஞ்சம் மெல்லிய குரலில் நாலு வார்த்தை பேசிப் பதிவு செய்து அனுப்பு. மாற்றிக் கொடுத்துப் பட்டத்தை வாங்கிவிடுகிறேன்.

அத்தானுக்கு வணக்கம். உன் பேச்சைத் தாங்கும் காதுகளுக்குத் தனி வணக்கம்.

உன் தங்கை

பின்குறிப்பு: மேலே கேட்டதை மறந்துவிடு. உறையை ஒட்டும்போது மகள், "அம்மா, எத்தனை தடவை கூப்பிடறது, எல்லாம் ஆறிப்போச்சு!" என்று கத்தினாள். மூலையில் விளக்கு எரிந்தது. இதை நான் மாற்றப் போவதில்லை. பாஸ் போடாவிட்டால் அடுத்த வருடம் வேறொன்று செய்துகொள்கிறேன். இந்த முடிவு வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. படித்ததும் நீ கூப்பிடுவாய். விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் போனை எடுப்பேன்.