மாப்பிள்ளை சொன்ன விடை

கதவுக் கீல் கிறீச்சிடுகிறதே என்று எண்ணெய் விட்டது நான்தான். எண்ணெய் தரையில் சொட்டக் கூடாதே என்று கீழே காகிதம் விரித்ததும் நான்தான். அது என் மனைவியின் நர்சிங் தேர்வுப் புத்தகத்திலிருந்து கழன்று விழுந்த விடைப் பகுதி என்பது, குப்பை வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் தெரியவந்தது.

வேறு புத்தகமாக இருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். மகள் பிறந்ததும் வார்டு வேலையை விட்டவள் என் மனைவி. மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் மறுபடி வார்டுக்குப் போக ஆசைப்பட்டாள். உரிமத்தைப் புதுப்பிக்க, நான்கு விடையில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தேர்வு எழுத வேண்டும். இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டாயிற்று. இந்த முறைதான் கடைசி. அதற்கு மேல் விதியில் இடமில்லை. புத்தகமோ சீனியர் நர்ஸ் ஒருவரிடம் கெஞ்சி வாங்கியது, கடையில் கிடைக்காது. தேர்வு அடுத்த வாரம்.

விஷயத்தைச் சொல்லிவிட்டு, திட்டு வாங்குவதற்கு வசதியாகத் தலையைக் குனிந்து நின்றேன்.

"நீங்க ரொம்ப வருத்தத்துல இருக்கீங்கன்னு தெரியுது," என்றாள். "அதப் பத்திக் கொஞ்சம் பேசணும்னு தோணுதா?"

மெதுவாகத் தலையை நிமிர்த்தினேன்.

"கோவமா இருக்கியா?"

"நான் கோவமா இருப்பேனோன்னு உங்களுக்கு ஒரு பயம் இருக்கு."

"ஆமா. இருக்கியா?"

"சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

நோயாளி கேட்பதற்கு வெடுக்கென்று பதில் சொல்லாமல், மனதில் உள்ளதை அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் உண்டாம். அதை அவள் கரைத்துக் குடித்திருந்தாள். அன்று முதல் வீட்டில் எந்தக் கேள்விக்கும் விடை கிடையாது. சாப்பாடு ஆச்சா என்று கேட்டால், பசி எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டாள்.

ஒத்தாசைக்கு வந்திருந்த மாமியாரிடம் முறையிடலாம் என்றால், அது இன்னும் மோசம். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் சுவரில் ஆணியைக் கோணலாக அடித்தாலும், குழாயை ரிப்பேர் செய்கிறேன் என்று வீட்டை நனைத்தாலும், "மாப்ள செஞ்சா அதுல ஒரு காரணம் இருக்கும்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

இணையத்தில் தேடினோம். ஒரே கேள்விக்கு மூன்று இடத்தில் மூன்று விடை. ஆகவே பரிகாரமாக, தொலைந்த விடைப் பகுதியின் இடத்தில் நானே உட்காருவதாக முன்வந்தேன். நான் லிஃப்ட் மெக்கானிக். மனித உயிரைத் தினமும் ஏற்றி இறக்குகிறவன். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

முதல் கேள்வி. வார்டில் நான்கு பேர். ஒருவர் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டுக் கத்துகிறார். ஒருவர் வீட்டுக்கு அனுப்ப ஏன் இவ்வளவு தாமதம் என்று மணியை அழுத்திக்கொண்டே இருக்கிறார். ஓர் அம்மா காலை உணவுக்குக் காத்திருக்கிறார். நேற்று ஆபரேஷன் ஆனவர் காலையிலிருந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, இப்போது கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் கண்ணை மூடிக் கிடக்கிறார். முதலில் யாரைப் பார்ப்பாய்?

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யார் பட்டனை அழுத்தினாரோ அவருக்குத்தான் லிஃப்ட். மணி அடிக்கிறவரிடம் போகச் சொன்னேன்.

"அப்ப அந்த நாலாவது ஆளு?"

"பாவம், இப்பதான் கண்ணசந்திருக்காரு. அவரப் போயி எழுப்புவியா?"

என் மனைவி புத்தகத்தை மூடினாள். நன்றாகப் பேசியவர் திடீரென்று அடங்கினால் அதுதான் ஆபத்து என்றும், அவர் இந்நேரம் செத்திருப்பார் என்றும் விளக்கினாள். மாமியார் வெங்காயம் உரிப்பதை நிறுத்தி உச்சுக் கொட்டினார்.

இரண்டாவது கேள்வியில், டாக்டர் எழுதிய மருந்தின் அளவு வழக்கத்தைவிடப் பத்து மடங்கு. என்ன செய்வாய்? டாக்டரைக் கேள்வி கேட்டால் அவர் முகம் கோணும், கொடுக்காவிட்டால் நோயாளி கோபிப்பார். இரண்டு பேர் மனமும் நோகாதபடி பாதி கொடுக்கச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் என் கையில் இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

ஏட்டுப் படிப்பு போதாது, செய்து பார்த்தால்தான் வரும் என்று அடுத்த நாள் நானே நோயாளியாகப் படுத்தேன். ஆபரேஷன் முடிந்து தலை சுற்றும் நிலையில், சொல் பேச்சு கேட்காமல் எழுந்திருக்கும் நோயாளி. தத்ரூபமாகத் தள்ளாடினேன். அது கொஞ்சம் கூடுதலாகிப்போய், கட்டில் காலில் கட்டைவிரலை மோதிக்கொண்டு விழுந்தேன். நிஜமாகவே வீங்கிவிட்டது.

அவள் ஐஸ் கட்டியோடு வந்தாள். கையைக் கழுவினாள். பேரைக் கேட்டாள், சொன்னேன். பிறந்த தேதியைக் கேட்டாள். சர்டிபிகேட்டில் உள்ளதைச் சொன்னேன். வலி தாங்காமல், நிஜத் தேதி அதுவல்ல என்று நிஜத்தையும் சொல்லித் தொலைத்தேன்.

"ரெண்டு தேதி வருது. ஆளு உறுதியாகல. ஐஸ் வைக்க முடியாது."

"நான் உன் புருஷன்மா."

"அத அடையாளமா எடுத்துக்கக் கூடாது."

"அத்தை, நீங்களாவது சொல்லுங்க, நான் யாருன்னு."

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்ள மாதிரிதான் இருக்கு," என்றார்.

ஆளை உறுதி செய்வதற்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது.

அதன் பிறகுதான் எனக்குத் தொழில் பிடிபட்டது. நொண்டிக்கொண்டே நான் சொன்ன விடைகளுக்கு அவள் மறுப்பே சொல்லவில்லை. நான் சொல்வேன், தலையாட்டுவாள், அடுத்த கேள்விக்குப் போவாள். என் கையில் யாரும் சாகவும் இல்லை. போகப் போக அவளே தேடி வந்து கேட்க ஆரம்பித்தாள். பல் தேய்க்கும்போது கதவைத் தட்டி, "மூச்சு விட முடியாம ஒருத்தர் உக்காந்திருக்காரு, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்பாள். வாயில் நுரையோடு, முதலில் அவர் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பேன். "ரொம்ப நன்றி," என்று போய்விடுவாள். வேலையிடத்தில் சக மெக்கானிக்குகளுக்கு நான் ரத்த அழுத்தம் பற்றி விளக்கம் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

தேர்வு அன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அத்தியாயம் எல்லாம் மறந்துபோய் அவளுடைய சொந்தக் குரல் வந்தது.

"இந்தத் தடவையும் போச்சுன்னா, அந்த வெள்ளை டிரஸ்ஸ யாருக்காவது குடுத்துடுவேன். பீரோவுல அதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

"பயப்படாத. சந்தேகம் வந்தா என்னை நெனச்சுக்க," என்றேன்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அதத்தான் செய்யப் போறேன்," என்றாள்.

பாஸாகிவிட்டாள். சும்மா இல்லை, நல்ல மதிப்பெண். விஷயம் தெரிந்ததும் நான் தெருவுக்கே இனிப்புக் கொடுத்தேன். கொடுக்கும்போதெல்லாம், சொல்லிக்கொடுத்தது யார் என்பதை மட்டும் அடக்கமாகக் குறிப்பிட்டேன்.

சாயங்காலம் அவளிடமே நேராகக் கேட்டேன். "உள்ளதச் சொல்லு. நான் சொன்ன விடைங்க உனக்கு எவ்வளவு உதவுச்சு?"

"நீங்க உதவுனதா உங்களுக்கு எப்போலேருந்து தோணுது?" என்று கேட்டுவிட்டு, வெள்ளை உடைக்கு இஸ்திரி போடப் போய்விட்டாள்.

விடுவதாயில்லை. மாமியாரிடம் போனேன். காரணம் இருக்கும், கீரணம் இருக்கும் என்று மழுப்பக் கூடாது, உண்மை வேண்டும் என்றேன்.

மாமியார் கையிலிருந்த இனிப்பைத் தட்டில் வைத்தார். முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"அவ பாஸானது முழுக்க உங்களாலதான் மாப்ள. சந்தேகம் வந்த எடத்துல எல்லாம், நீங்க எதச் சொல்லியிருப்பீங்கன்னு யோசிச்சு, அத மொதல்ல கோடு போட்டு அடிச்சுட்டாளாம்."